இருமினால் வாந்தி வருகிறது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளின் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெண்ணுக்கு இப்போது 13 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது நாலாவது வயதில். அதற்கு முன்னால் ஒரு இடத்தில் வீசிங் என்றார்கள், இன்னொரு இடத்தில் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் டி.பி., என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். இருமுவாள், ஓங்கரிப்பாள், சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். மூன்று வருஷம் எங்கள் வீட்டில் துண்டும் வாளியும் இல்லாத அறை கிடையாது.

இதே நோயுள்ள பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் சிலர் இப்போது போனில் கேட்பதுண்டு. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவு எதுவாக இருந்தாலும் உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு.

முதலில், இது என்ன நோய்?

பிறவியிலேயே வருவது, ஒட்டுவாரொட்டி இல்லை. ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்ற ஒரு மரபணு இருக்கிறது. 1989-இல் கண்டுபிடித்தார்கள். அது செல்களுக்குள்ளும் வெளியிலும் உப்பும் தண்ணீரும் போய்வரும் வாசலைக் கட்டுகிற மரபணு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டுமே பழுதாக வந்து சேர்ந்தால் நோய் வரும். அந்த வாசல் சரியாகத் திறக்காததால் உடம்பில் ஊறும் சளி, தண்ணீர் வற்றி, பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. நுரையீரலில் அது தேங்கிக் கிருமி சேர்கிறது. கணையத்தின் குழாய்களை அடைப்பதால் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெயாகப் போகிறது. வியர்வையில் மட்டும் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது.

சொந்தத்தில் கட்டியதால்தானே என்று கேட்பார்கள். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் எங்களைப் போல எந்தச் சொந்தமும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. இரண்டு பேரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். இதை வைத்து வீட்டில் யாரும் மருமகளைப் பேச வேண்டியதில்லை.

இருமல் நெஞ்சில், வாந்தி வயிற்றில். இருமினால் ஏன் வாந்தி வருகிறது?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

பிள்ளை இருமும்போது வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். கல் மாதிரி இறுகும். ஒவ்வொரு இருமலும் இரைப்பையைப் பிடித்துப் பிழிகிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சாப்பாட்டை மேலே வரவிடாமல் பிடிப்பது அதுதான். இருபது இருமல் தொடர்ந்து வந்தால் அதுவும் எவ்வளவு நேரம்தான் பிடிக்கும்? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் எதுக்களிப்பும் சாதாரணமாகவே அதிகம், அதனால் அந்தச் சுருக்கு இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது.

அடுத்தது தொண்டை. கெட்டியான கோழை மேலே ஏறி வந்து அடித்தொண்டையில் நின்றுகொள்ளும். விரல் விட்டால் ஓங்கரிப்பு வருகிறதே, அதே வேலையை அந்தக் கோழை செய்கிறது. இருமலைத் தூண்டும் நரம்பும் வாந்தியைத் தூண்டும் நரம்பும் கிட்டத்தட்ட ஒரே கொடியிலிருந்து போகின்றன. ஒன்றை உலுக்கினால் மற்றதும் ஆடும்.

இது போக மூக்குப் பின்பக்கமாக வழியும் சளி, விழுங்கிய சளி வயிற்றில் உண்டாக்கும் குமட்டல் என்று வேறு வழிகளும் உண்டு. நம் பேச்சிலேயே குமட்டல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, புரையேறல், வாந்தி என்று தனித்தனியாக வார்த்தைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் எல்லாவற்றையும் 'வாமிட்டிங்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்லாதீர்கள். 'இருமல் முதலில், ஓங்கரிப்பு அப்புறம், சளி வந்ததும் நின்றுவிடுகிறது' என்று வரிசையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் எங்கள் மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஏன் காலையில் அதிகமாக இருக்கிறது?

ராத்திரி முழுக்க படுத்திருக்கும்போது சளி இறங்கித் தேங்கி நிற்கும். எழுந்து உட்கார்ந்ததும் அது நகரும், இருமல் கிளம்பும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கு நேரமாகிறது என்று நாலு இட்லியைத் திணித்தால் நாலும் வெளியே வரும். நான் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

இப்போது எங்கள் வீட்டு வரிசை: எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம். அப்புறம் நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கி மூச்சோடு இழுக்கவைக்கும் கருவி), பிசியோ (நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சி). சளியைத் துப்பி, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் சும்மா விட்டு, அதன் பிறகுதான் சாப்பாடு. இதற்காக ஐந்தரைக்கு எழ வேண்டியிருக்கிறது. வாந்தி பாதிக்கு மேல் குறைந்தது இந்த வரிசை மாற்றத்தால்தான், எந்த மருந்தாலும் இல்லை.

இருமல் சிரப் கொடுத்து அடக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மற்றவர்களுக்கு இருமல் தொந்தரவு, இவர்களுக்கு இருமல்தான் துடைப்பம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் போன்ற இருமலை அடக்கும் மருந்துகள் சளியை உள்ளேயே பூட்டிவைக்கும். மருந்துக் கடையில் 'நல்லாத் தூங்குவான்' என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். வாந்தியை நிறுத்த இருமலை நிறுத்துவது, சாக்கடை நாற்றத்துக்குச் சாக்கடையை அடைப்பது மாதிரி.

பிசியோ செய்யும்போது ஓங்கரிக்கிறாள். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், மாற்றிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து மூன்று மாற்றங்கள் வேலை செய்கின்றன.

ஒன்று நேரம். வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து.

இரண்டாவது, படுக்கவைக்கும் விதம். முன்பெல்லாம் தலையைக் கீழாகச் சாய்த்து முதுகில் தட்டச் சொல்வார்கள். தலைகீழாகச் சாய்த்தால் எதுக்களிப்பு கூடுகிறது என்று தெரிந்த பிறகு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, அந்த முறையை விட்டுவிட்டார்கள். உட்காரவைத்தோ மட்டமாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தோ செய்தால் போதும். உங்களுக்கு இன்னும் யாராவது தலைகீழாகச் செய்யச் சொன்னால் 'எதுக்களிக்கிறது, வேறு முறை சொல்லுங்க' என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: இருமுவதற்குப் பதில் 'ஹஃப்' செய்யக் கற்றுக்கொடுப்பது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அந்த மாதிரி வாயை நன்றாகத் திறந்து 'ஹா' என்று மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது. உதட்டைக் குவித்து மெழுகுவத்தி ஊதுகிற மாதிரி இல்லை, தொண்டை திறந்திருக்க வேண்டும். ஆழமாக மூன்று நாலு மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பிடித்து விடுவது. அப்புறம் ஒன்று இரண்டு ஹஃப். அப்புறம் தோளைத் தளர்த்திச் சாதாரண மூச்சு. சளி மேலே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு மட்டும் ஒரே ஒரு இருமல். வறட்டு இருமலாக விடாமல் இருமிக்கொண்டே இருந்தால்தான் ஓங்கரிப்பு வருகிறது. ஹஃப், தொண்டையை அவ்வளவு சீண்டாமல் சளியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

எங்கள் பெண்ணுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பீரோ கண்ணாடி. ஆவி படிந்த இடத்தில் விரலால் ஒரு பூனை வரைவாள். பூனை முடிகிறதற்குள் ஆவி போய்விடும், மறுபடி 'ஹா'. அந்தக் கண்ணாடியில் இன்னும் அந்த உயரத்தில் ஒரு மங்கல் இருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை. முறையை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டித்தான் படிக்க வேண்டும். எழுத்தில் இவ்வளவுதான் முடியும்.

நெபுலைசரில் உப்புத் தண்ணீர் வைத்ததும் இருமி வாந்தி எடுக்கிறானே?

3 சதவீதம், 7 சதவீதம் என்று கெட்டியான உப்புக் கரைசல் கொடுப்பார்கள். சளியில் தண்ணீரை இழுத்து இளக்குவது அதன் வேலை, அதனால் இருமல் வரத்தான் செய்யும். அது பக்கவிளைவு இல்லை, விளைவே அதுதான். ஆனால் மூச்சுக்குழாய் இறுகினால் அது வேறு. அதைத் தவிர்க்கத்தான் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுக்கிறார்கள். அந்த முதல் மருந்தை விட்டுவிட்டால் இருமல் கட்டுக்கடங்காது. 7 சதவீதம் தாங்கவில்லை என்றால் 3 சதவீதத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நடுவில் நிறுத்தி, துப்பவிட்டு, மறுபடி தொடர்வதில் தப்பில்லை. மூச்சோடு இழுக்கும் ஆன்டிபயாடிக் இருந்தால் அது எப்போதும் கடைசியில், சளி வெளியேறிய பிறகு.

நெபுலைசர் கப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்து, காற்றில் உலர விடுங்கள். வேகவைக்கக் கூடாத வகையும் உண்டு, கூடவே வரும் தாளைப் பாருங்கள்.

சாப்பிட்டது எல்லாம் வந்துவிட்டது. மறுபடி கொடுக்கலாமா? என்சைம் மாத்திரையையும் மறுபடி கொடுக்கணுமா?

கொஞ்சம் ஆற விடுங்கள். வாய் கொப்பளித்து, இருபது நிமிஷம் போல உட்கார்ந்து, வாய் வாயாகத் தண்ணீரோ உப்பு போட்ட மோரோ. அது தங்கினால் சாப்பாடு. மறுபடி கொடுக்கத்தான் வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மற்ற பிள்ளைகளைவிட அதிகமான சக்தி தேவை, சில பேருக்கு இரண்டு மடங்கு வரை. ஒரு வேளை போனால் போகட்டும் என்று விட்டால் எடை மிஷினில் தெரிந்துவிடும்.

என்சைம் என்பது கணையத்திலிருந்து வர வேண்டிய செரிமானச் சாறுக்குப் பதிலாகச் சாப்பாட்டோடு கொடுப்பது. புதிதாகச் சாப்பிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கும் வேண்டும்தான். ஆனால் ஒரு நாளைக்கு உச்ச வரம்பு ஒன்று உண்டு, பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 10,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கவைக்கும் என்சைம்). 'வாந்தி எடுத்தால் எத்தனை கேப்சூல்?' என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கி, குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட கையோடு வாந்தி வந்தாலும் அப்படித்தான், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

சின்னப் பிள்ளைகளுக்கு கேப்சூலைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளை, வேகவைத்து மசித்த ஆப்பிள் ஒரு ஸ்பூனில் கலந்து உடனே கொடுக்கலாம். மணிகளை நசுக்கக் கூடாது, சூடான சாதத்திலோ பாலிலோ போடக் கூடாது. வாயில் மணி தங்கினால் புண்ணாகும், அந்தப் புண்ணே அடுத்த வேளை ஓங்கரிப்புக்குக் காரணமாகும். கொடுத்த பிறகு கன்னத்துக்குள் ஒரு பார்வை பாருங்கள்.

சளியைத் துப்பவே மாட்டேன் என்கிறான். விழுங்கிவிடுகிறான்.

ஐந்து ஆறு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் காறித் துப்பத் தெரியாது. விழுங்கினால் விஷமில்லை. ஆனால் வயிறு நிறையச் சளி சேர்ந்தால் குமட்டும், பசி போகும். இந்த வயதில் வாந்தியில்தான் சளியையே கண்ணால் பார்க்கிறோம். அதனால் அருவருப்புப் படாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். வெள்ளையா, மஞ்சளா, பச்சையா, கெட்டியா என்று. நிறம் மாறினால், அளவு கூடினால், அது நெஞ்சில் தொற்று என்று சொல்லும் முதல் தகவல். இங்கே நான் சொல்லும் பச்சை, சளியின் பச்சை. பித்தத்தின் பச்சை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

துப்பப் பழக்க எளிய வழி: பல் துலக்கும்போது யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. அண்ணன் தம்பி இருந்தால் ஒரே வாரம்.

அம்மாயி தொக்கம் எடுக்கணும் என்கிறார், குடலேற்றம் தட்டணும் என்கிறார்...

நம் பக்கத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டும்தான். எங்கள் வீட்டிலும் நடந்தது. தொண்டையில் விரல் விட்டோ ஊதியோ எதையாவது எடுப்பதாகச் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஓங்கரிக்கும் பிள்ளைக்குப் புரையேறி, வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். வயிற்றை அழுத்தி எண்ணெய் தடவுவதும் வேண்டாம், உள்ளே குடலடைப்பு இருந்தால் விபரீதம். கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை மூக்கில் தடவுவது வேண்டவே வேண்டாம், உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

ரசத்தில் தூதுவளை போடுகிறார்களா, போடட்டும். கற்பூரவல்லி பஜ்ஜியா, தாராளமாக, என்சைமோடு. பெரியவர்களிடம் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் முக்கியமான 'வேண்டாம்' எடுபடாது.

இது இருமல் வாந்திதானா, வேறு எதாவதா? எப்போது பயப்படணும்?

இருமல் வாந்திக்கு ஒரு அடையாளம் உண்டு: முன்னால் இருமல், பின்னால் நிம்மதி. வாந்தி எடுத்த ஐந்தாவது நிமிஷம் பிள்ளை விளையாடப் போய்விடும். இருமலே இல்லாமல் வருகிற வாந்தி வேறு கதை.

கரும்பச்சையாகப் பித்தம் கலந்து வாந்தி, வயிறு உப்பல், வலது அடிவயிற்றில் வலி, மலமும் காற்றும் போகவில்லை: இது குடலடைப்பாக இருக்கலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் குடலின் கடைசிப் பகுதியில் மலம் பிசினாக ஒட்டி அடைத்துக்கொள்வது தெரிந்த சிக்கல். வீட்டில் பேதி மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம்: சளியில் கீற்றாக ஒன்றிரண்டு முறை தெரிந்தால் அன்றே மருத்துவருக்குப் போன் பண்ணுங்கள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லிக்கு மேல் என்றால் உடனே போக வேண்டும். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தாலும் உடனே. இந்த நோயில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு இருக்கும், அங்கிருந்தும் ரத்தம் வரலாம்.

திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இருமி இருமி மயங்கி விழுவது: 108-ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

வெயில் காலத்தில் இருமலே இல்லாமல் சோர்ந்து வாந்தி எடுக்கிறாள். ஏன்?

சேலத்துக்காரர்கள் நன்றாகப் படிக்க வேண்டிய பதில் இது.

1948-இல் நியூயார்க்கில் ஒரு கடும் வெயில் அடித்தது. வெப்பத்தில் சுருண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் நிறைய இருப்பதை பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் கவனித்தார். ஏன் என்று தேடிப்போனதில், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பது தெரியவந்தது. 1953-இல் அதை வெளியிட்டார்கள். இன்றைக்கும் நோயை உறுதி செய்யும் வியர்வைப் பரிசோதனை அங்கிருந்து வந்ததுதான். நியூயார்க்கில் எப்போதோ ஒரு வாரம் அடித்த வெயில் நமக்கு வருஷா வருஷம் சித்திரையில் அடிக்கிறது. 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டு வீட்டில், மின்விசிறி நின்றுபோன மத்தியானத்தில் இந்தப் பிள்ளைகள் உப்பைக் கொட்டித் தீர்க்கிறார்கள்.

உப்பு குறைந்தால் முதலில் சோர்வு, பசியின்மை, அப்புறம் வாந்தி. வாந்தியில் இன்னும் உப்பு போகும். அதனால் இன்னும் வாந்தி. கைக்குழந்தைக்கு இது சத்தமில்லாமல் நடக்கும்: பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் வாந்தி. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கியிருக்கும். நம் நாட்டில் சில குழந்தைகளுக்கு இந்த நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. கோடையில் காரணமில்லாமல் மறுபடி மறுபடி இப்படி ஆகும் குழந்தைக்கு, முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கிறது என்றால், அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் அதை என் நாத்தனாரிடம்தான் சொன்னேன், மருத்துவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

கோடையில் எவ்வளவு உப்பு கூட்டித் தர வேண்டும் என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், நீங்களாகக் கெட்டியாக்காதீர்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே இருக்கும் உப்பு நீர்த்துப் போகும். மோரில் உப்பு, மாங்காயில் உப்பு, அப்புறம் நம்ம ஊர் தட்டுவடை செட். ஊரெல்லாம் எண்ணெயும் உப்பும் ஆகாது என்கிறபோது, எங்கள் பெண்ணுக்கு மட்டும் உணவு ஆலோசகரே சம்மதம் சொன்ன தின்பண்டம். மேலே வைக்கும் காரச் சட்னியைக் குறைக்கச் சொல்வோம், அது தொண்டையில் பட்டால் இருமல். சாப்பிடுவதற்கு முன் என்சைம். கடைக்கார அண்ணனுக்கே இப்போது தெரியும், 'மாத்திரை போட்டாச்சா கண்ணு?' என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டுவார்.

ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனால் நல்ல காற்றில் சரியாகிவிடுமா?

சரியாகாது. சளி கெட்டியாவது மரபணுவால், மலை ஏறினால் மரபணு மாறாது. ஆனால் மே மாதம் கீழே கொதிக்கும்போது மேலே வியர்வை குறையும், உப்பு மிஞ்சும். அந்த அளவில் நல்லதுதான்.

கவனிக்க இரண்டு விஷயம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சாதாரணமானவர்களுக்கே பத்தாவது வளைவில் குமட்டும். இருமலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிசியோவை வீட்டிலேயே முடித்து, லேசாகச் சாப்பிட்டு, முன் சீட்டில் உட்காரவைத்து, நடுவில் ஒரு முறை நிறுத்தி இறக்கிவிட்டு ஏறுங்கள். நாங்கள் முதல் முறை வயிறு முட்டப் பூரி கொடுத்துக் கூட்டிப்போனோம், எட்டாவது வளைவிலேயே காரின் தரை விரிப்பைக் கழற்றும்படி ஆயிற்று.

இன்னொன்று உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நல்ல நுரையீரலுக்கு அது ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் அளவு குறைவாக இருப்பவர்களுக்கு, இரவில் ஆக்சிஜன் வைப்பவர்களுக்கு, அப்படி இல்லை. போவதற்கு முன் கேளுங்கள். மார்கழிப் பனியில் போக வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். குளிர்ந்த மூட்டம் இருமலைக் கிளப்புகிறது, எங்கள் அனுபவத்தில்.

வீட்டில் எதெல்லாம் இருமலைக் கிளப்பும்?

வரமிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், பீடி சிகரெட், போகிப் புகை, தீபாவளி. தாளிக்கும்போது பிள்ளையைப் பின்வாசலுக்கு அனுப்பிவிடுங்கள். சாமி கும்பிட விளக்கு போதும், புகை வேண்டாம்.

பள்ளியிலும் பஸ்ஸிலும் டி.பி. என்று நினைத்து ஒதுக்குகிறார்கள்.

நடக்கிறது. வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறோம்: இது தொற்றுநோய் இல்லை, இருமினால் வெளியே போக அனுமதி வேண்டும், தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்க வேண்டும், சாப்பாட்டோடு மாத்திரை உண்டு, வாந்தி எடுத்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கடைசி வரி முக்கியம். முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு தரம் 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று போன் வரும். வாந்தி எடுத்துவிட்டுக் கணக்குப் பாடத்தில் உட்காரத் தயாராக இருக்கும் பிள்ளையை ஏன் அனுப்புகிறார்கள் என்று அவளுக்கே கோபம்.

ஒரு விஷயம் மட்டும்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள இரண்டு பேர் அருகருகே உட்காரக் கூடாது, இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும். ஒருவர் நுரையீரலில் குடியிருக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமி இன்னொருவருக்குப் போய்விடும். நாமெல்லாம் ஒரே நோய், சேர்ந்து சந்திப்போம் என்று ஆசையாகக் கூப்பிடுவார்கள். பெற்றோர் சந்திக்கலாம், பிள்ளைகள் போனில் பேசட்டும்.

பெரிய பெண். இருமும்போது சிறுநீர் கசிகிறது என்கிறாள்.

இந்த நோயுள்ள பெண்களுக்கு இது சகஜம், ஆனால் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அதற்குப் பயந்தே இருமலை அடக்குகிறார்கள், பிசியோவைத் தவிர்க்கிறார்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிக்கொண்டு இருமப் பழகினால் குறையும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

எங்கே காட்டுவது? பரிசோதனை என்ன?

முதல் உதவிக்கும் அவசரத்துக்கும் நம் ஊர் ஜி.எச்., அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இருக்கிறது. நோயை உறுதி செய்ய நாங்கள் போனது வேலூர் சி.எம்.சி. காட்பாடி வரை ரயிலில் மூன்று மணி நேரம் போல. வியர்வைப் பரிசோதனையில் ஊசி கிடையாது. கையில் மருந்து வைத்து வியர்க்கவைத்து அதில் குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய், 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை, நடுவில் என்றால் மரபணுப் பரிசோதனையும் மேற்கொண்டு சோதனைகளும். வெளிநாட்டு மக்களிடம் அதிகம் காணும் எஃப்508டெல் என்ற மாற்றம் நம் ஆட்களிடம் அந்த அளவுக்கு இல்லை. அதனால் அது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

புது மாத்திரை வந்திருக்கிறதாமே, இருமலே நின்றுவிடுமாமே?

எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் மூன்றும் சேர்ந்தது. அமெரிக்காவில் 2019 அக்டோபரில் அனுமதித்தார்கள். பழுதான அந்த வாசலையே ஓரளவு சரிசெய்கிறது. ஒத்துவரும் மரபணு மாற்றம் இருப்பவர்களுக்குச் சளியும் இருமலும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. எல்லா மாற்றத்துக்கும் ஒத்துவராது. அங்கே அதன் விலை ஒரு வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பெயர் இருக்கிறது. அதனால் பிள்ளையின் மரபணு அறிக்கையைப் பத்திரமாக லேமினேட் பண்ணி வையுங்கள், எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. என் ஆற்றாமையை இங்கே கொட்டினால் பக்கம் போதாது.

வாந்தி எடுத்ததும் பல் துலக்கச் சொல்லலாமா?

உடனே வேண்டாம். அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் தேய்ந்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்கட்டும்.

வெளியே போகும்போது பையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஐந்தாறு, ஓட்டை இல்லை என்று ஊதிப் பார்த்தவை. மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று, சளி துப்ப. டிஷ்யூவைவிடப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் உத்தமம். தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., என்சைம், சால்பியூட்டமால் பம்ப், ஒரு மாற்றுச் சட்டை. மருத்துவரின் எண்ணும் நோயின் பெயரும் எழுதிய அட்டை. இவ்வளவும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் அடங்கும். போன மாதத்திலிருந்து அதை அவளே தூக்கிக்கொள்கிறாள், மாற்றுச் சட்டையை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு.